பஸ்கா வந்தால் பொம்மை வீட்டையும் துடைக்க வேண்டும்

மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ரொட்டி. பாலிமர் களிமண்ணை மெல்லிய திரிகளாக உருட்டி, சடை போலப் பின்னி, ஓவனில் சுட்டு, முட்டை தடவிய பளபளப்பு வருவதற்காக மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு ரொட்டி. இரண்டையும் மூடுவதற்குப் பூவேலை செய்த ஒரு துணி. கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு மெழுகுவர்த்திகள், திராட்சை ரசத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். ஒரு யூதக் குடும்பத்தின் வெள்ளிக்கிழமை மாலையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் மேசை இப்படித்தான் இருக்கும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது பொம்மை வீடு செய்கிறவர்களிடையே நிலைபெற்றுவிட்ட கணக்கு. யூத வீட்டு வாழ்க்கையையும் பண்டிகைகளையும் காட்டும் பொம்மை வீடுகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் உருவாகின்றன. பார்க்கிறவர்கள் குனிந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையிலிருக்கும் வெள்ளிக் கிரீடங்களையும் பழைய ஏடுகளையும் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். யூத மரபைப் பதிவு செய்ய மனிதர்கள் கண்டுபிடித்த வடிவங்களில் அந்த மரபின் இயல்புக்கு மிக நெருங்கியது பொம்மை வீடுதான். ஒரு நிபந்தனை உண்டு: அதைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல் நாளுக்கும் பண்டிகைக்கும் தகுந்தபடி கைவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் அந்த மதத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. கி.பி. 70ஆம் ஆண்டு ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. பலி செலுத்த வேறு இடம் இல்லை. அந்த ஓர் ஆலயம் மட்டும்தான். அதற்குப் பின் வந்த ரபீக்கள் என்ற மத அறிஞர்கள் வழிபாட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை ஜெபமாக்கி ஜெப ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். மற்றொன்று வீட்டுக்கு வந்தது. ஆலயம் இருந்தவரை பலிபீடம் செய்த பாவநிவிர்த்தியை இப்போது மனிதனின் சாப்பாட்டு மேசை செய்கிறது என்ற கருத்து அவர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. பலியில் உப்புச் சேர்க்க வேண்டும் என்று லேவியராகமம் சொல்வதால் இன்றும் யூத வீட்டில் ரொட்டியை உப்பில் தொட்டுத்தான் உண்ணத் தொடங்குகிறார்கள். பலிபீடத்தின் கல்லில் இரும்பு படக்கூடாது என்ற விதியை நினைத்து, உணவுக்குப் பிந்தைய நன்றி ஜெபத்துக்கு முன் மேசையிலிருக்கும் கத்தியை எடுத்துவிடும் வழக்கமும், அல்லது துணியால் மூடும் வழக்கமும் உண்டு. வாசற்படியைத் தாண்டும்போது வலப்பக்க நிலையில் மெசூசா. அதன் உறைக்குள் உபாகமத்திலிருந்து இரண்டு பகுதிகளை எழுத்தர் கையால் எழுதிய தோல் துண்டு இருக்கும்: 22 வரி, 713 எழுத்து. வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழச் சதுரத்தைப் பூசாமல் விட்டுவிட வேண்டும், ஆலயம் இடிந்ததை மறக்காமல் இருப்பதற்காக. பொம்மை வீட்டில் அது சுமார் 4 சென்டிமீட்டர் சதுரம். சுவர்த்தாளை அழகாக ஒட்டி முடித்த கைவினைஞர் அந்தச் சதுரத்தை மட்டும் சொரசொரவென்று விட்டாரா என்று பார்த்தாலே போதும், அவருக்கு இந்த வீடு எந்த அளவுக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம்.

சமையலறைக்குள் போனால் இது இன்னும் தெளிவாகும். இறைச்சியும் பாலும் ஒரே பாத்திரத்தில் சேரக்கூடாது. ஆகவே பாத்திரம், தட்டு, கரண்டி, கழுவும் துணி எல்லாமே இரண்டு செட். பஸ்கா பண்டிகையின் எட்டு நாளுக்கு, இஸ்ரேலில் ஏழு நாளுக்கு, வீட்டில் புளித்த மாவு எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. அதனால் அந்த நாள்களுக்கென்று தனியாக இன்னொரு பால் செட், இன்னொரு இறைச்சி செட் பரண்மேல் காத்திருக்கும். ஓய்வுநாளான சனிக்கிழமை தீ மூட்டக்கூடாது. எனவே வெள்ளி மாலையே அடுப்பின்மேல் தகடு போட்டு, அதன்மேல் சோலந்த் என்ற கலவைக் குழம்பு இரவெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். இங்கே எந்தப் பொருளும் தன்னளவில் புனிதம் இல்லை. சாதாரண வாணலி, சாதாரணத் தட்டு. எங்கே இருக்கிறது, எதன் பக்கத்தில் இருக்கிறது, எந்த நாளில் வெளியே வருகிறது என்பதில்தான் அதன் மதம் இருக்கிறது. அந்த வாணலியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்து, 'வாணலி, போலந்து, 19ஆம் நூற்றாண்டு' என்று சீட்டு ஒட்டினால் வாணலி மிஞ்சும், மரபு போய்விடும். பொம்மை வீடு செய்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பால் பாத்திரத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

அருங்காட்சியகங்களே இதை ஆரம்பத்தில் உணர்ந்திருந்தன. உலகின் முதல் யூத அருங்காட்சியகம் 1895இல் வியன்னாவில் அமைந்தது. நான்கு ஆண்டு கழித்து ஓவியர் இசிடோர் காஃப்மன் அங்கே ஓர் அறையை உருவாக்கினார். கிழக்கு ஐரோப்பிய யூதர் வீட்டின் கூடத்தை, ஓய்வுநாளுக்குத் தயாரான நிலையில், மேசை நாற்காலி விளக்கோடு முழு அளவில் நிறுத்திவைத்தார். 'நல்ல கூடம்' என்ற பொருளில் 'குட்டே ஷ்டூபே' என்று அதற்குப் பெயர். வேறு எத்தனையோ பொருள்கள் சேர்ந்த அருங்காட்சியகத்தில் ஜனங்கள் நினைவு வைத்துக்கொண்டது இந்த அறையைத்தான். 1938இல் நாஜிகள் அருங்காட்சியகத்தை மூடிச் சேகரிப்பைக் கைப்பற்றினார்கள். அதற்கிடையில் ரஷ்யப் பேரரசில் எழுத்தாளர் அன்ஸ்கி வேறொரு வழியில் இதே இலக்கைத் தேடிப் போனார். 1912 முதல் 1914 வரை வொலினியா, பொடோலியா பகுதிகளின் சிற்றூர்களில் அவருடைய குழு கதை, பாட்டு, புகைப்படம், பொருள் என்று சேகரித்தது. பிறப்பு முதல் இறப்பு வரை யூத வாழ்க்கையைப் பற்றி அவர்கள் அச்சிட்ட கேள்விப் பட்டியலில் 2,087 கேள்விகள். பிரசவ அறையில் என்ன தொங்கவிடுவீர்கள், தொட்டிலில் முதலில் எதை வைப்பீர்கள் என்ற ரீதியில் வீட்டைக் குடைந்து குடைந்து கேட்பவை. உலகப் போர் வந்தது, பயணம் நின்றது, அந்தக் கேள்விகள் பெரும்பாலும் பதிலின்றிக் கிடந்தன. ஒரு பொம்மை வீட்டைச் சரியாகச் செய்ய உட்காருகிறவர் அன்ஸ்கியின் கேள்விகளில் பல நூறுக்குக் கையால் பதில் சொல்கிறார் என்றே நான் எண்ணுகிறேன்.

பொம்மை வீடுகளின் வரலாறு இதற்கு முழுதாக உதவுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது செல்வர்களின் வரலாறு. 1631இல் நூரம்பெர்க்கில் அன்னா கோஃபர்லின் என்ற பெண் ஒரு பெரிய பொம்மை வீட்டைக் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். சிறுமிகள் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். அதே நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமின் பெட்ரொனெல்லா ஓர்ட்மன், ஒரு நிஜ வீட்டையே வாங்கிவிடக்கூடிய தொகையைத் தன் பொம்மை வீட்டில் போட்டார். இருபதாம் நூற்றாண்டில் சிகாகோவின் தார்ன் அறைகள் ஐரோப்பிய, அமெரிக்க மேட்டுக்குடி உட்புறங்களை 68 பெட்டிகளில் அடுக்கிக் காட்டின. நியூயார்க்கில் கேரி ஸ்டெட்ஹைமர் 1916 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்த பொம்மை வீடு இன்னும் சுவையானது. ஸ்டெட்ஹைமர் சகோதரிகள் ஜெர்மன் யூத வம்சாவளியினர். ஆனால் அந்த வீட்டுக்குப் புகழ் சேர்த்தது நடன அறைச் சுவரில் தொங்கும் கலைக்கூடம். ஓவியர் மார்செல் டூஷாம்ப் தன் புகழ்பெற்ற ஓவியத்தை அஞ்சல்தலை போலச் சுருக்கிக் கொடுத்தார். யூதர் கட்டிய பொம்மை வீடு வேறு, யூத வாழ்வைக் காட்டும் பொம்மை வீடு வேறு. இரண்டாவதற்குப் பணத்தைவிட அறிவு அதிகம் தேவை.

முதல் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது குழந்தைகள் விளையாட்டு. ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைப் பலிகொடுத்த ஒரு சமூகத்தின் வாழ்வைச் சொப்புச் சாமானாக்குவது தகுமா? சிறிய அளவு என்றால் சிறுபிள்ளைத்தனம் என்று கருதுவதில் பிழை தொடங்குகிறது. அமெரிக்காவில் 1940களில் ஃபிரான்சஸ் க்ளெஸ்னர் லீ, சந்தேக மரணங்கள் நிகழ்ந்த அறைகளை இதே பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கில் செய்தார். காவல்துறை அதிகாரிகள் தடயம் பார்க்கப் பழகியது அந்தப் பொம்மை அறைகளில். டிரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து 1943 கிளர்ச்சியின்போது தப்பிய தச்சர் யான்கெல் வியர்னிக், பிறகு அந்த முகாமையே மாதிரியாகச் செய்தார். இஸ்ரேலில் 'கெட்டோ போராளிகள் இல்லம்' என்ற அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. கொன்றவர்கள் முகாமை இடித்து, உழுது, தடம் தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கட்டடங்கள் எங்கெங்கே நின்றன என்று ஒரு தச்சரின் கை சொன்னது. அதை யாரும் விளையாட்டு என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

நாஜிகள் உயிர்களோடு வீடுகளையும் குறிவைத்தார்கள் என்பது இங்கே முக்கியம். 1942 முதல் 1944 வரை பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் யூதர்கள் விட்டுச்சென்ற, அல்லது அவர்களைப் பிடித்துச்சென்ற வீடுகளில் சுமார் 70,000 வீடுகளை 'மரச்சாமான் நடவடிக்கை' என்ற பெயரில் காலி செய்தார்கள். விலையுயர்ந்த ஓவியக் கொள்ளை தனியாக நடந்தது. இது கரண்டி, படுக்கை விரிப்பு, விளக்கு, குழந்தையின் பொம்மை வரைக்கும் அள்ளிய கொள்ளை. பாரிஸில் லெவிதான் என்ற மரச்சாமான் கடையில் யூதக் கைதிகளையே உட்காரவைத்து அவற்றைத் தரம்பிரிக்கச் சொன்னார்கள். பிறகு ரயிலேற்றி ஜெர்மானியருக்குப் பங்கிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த பின்கட்டும் 1944 ஆகஸ்டில் கைது நடந்த பின் இப்படியே வெறுமையானது. போருக்குப் பின் உயிரோடு திரும்பிய தந்தை ஓட்டோ ஃபிராங்க், 1960இல் அது அருங்காட்சியகமானபோது அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்று உறுதியாகச் சொன்னார். பறித்துச் சென்ற வெறுமையைப் போலி மேசை நாற்காலியால் நிரப்ப அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர் அதற்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்வையாளர் அறிய வேண்டாமா? அதற்கு 1961இல் அவர் தேர்ந்தெடுத்த வழி பொம்மை வீட்டின் வழி: கட்டில் எங்கே, மேசை எங்கே, அடுப்பு எங்கே என்று காட்டும் அறை மாதிரிகள். நிஜ அளவில் வெறுமை, சிற்றளவில் வாழ்க்கை. ஒன்று குற்றத்துக்குச் சாட்சி, மற்றது குடும்பத்துக்குச் சாட்சி. முழு அளவில் நிரப்பியிருந்தால் அது நாடக மேடை போல இருந்திருக்கும். சிறியதாக இருப்பதாலேயே அந்த மாதிரி, தானே அந்த வீடு என்று பொய் சொல்வதில்லை. இதைவிட வலுவான பதில் முதல் ஆட்சேபத்துக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. பொம்மை வீடு ஏக்கத்தின் பிள்ளை. தூசி இல்லை, சண்டை இல்லை, வறுமை இல்லை. இதற்கு ஆதாரம் நிறையவே உண்டு. ஜெர்மானிய யூத ஓவியர் மோரிட்ஸ் டானியல் ஓப்பன்ஹைம் 1860களில் பழைய யூதக் குடும்ப வாழ்க்கைக் காட்சிகளை வரைந்து வெளியிட்டார்; கெட்டோ எனும் யூதச் சேரிகளின் சுவர்களைத் தாண்டி நடுத்தர வர்க்கமாகிவிட்ட யூத வீடுகளில் அந்தப் படத்தொகுப்பு கொண்டாடப்பட்டது. அதில் கெட்டோவின் நெரிசலும் நாற்றமும் கிடையாது. காஃப்மனின் வியன்னா அறையையும் தேடி வந்து உருகியவர்கள், வெள்ளி மாலை விளக்கேற்றுவதை ஏற்கெனவே விட்டுவிட்ட நகரத்தவர்கள். ஆக, குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அது வடிவத்தின் குற்றமா, செய்தவரின் தேர்வா? நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுந்தது. இன்று அது குடியேறிகளின் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம். அங்கே 1890களில் லெவின் குடும்பத்தின் சிறிய குடியிருப்பே தையற்கூடமாகவும் இருந்தது. தையல் இயந்திரமும், இஸ்திரிப்பெட்டி காயும் அடுப்பும், குழந்தைகளின் படுக்கையும் ஒரே இடத்தில். அதை முழு அளவில் காட்ட முடியும் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கில் காட்ட என்ன தடை? துணிக்குவியலை ஓரம் தள்ளிவிட்டு அதே வெட்டு மேசையில் வெள்ளி மாலை விரிப்பை விரிப்பதைப் பொம்மை வீடு காட்டட்டும். ஜெப ஆலயத்தின் வெள்ளிக் கிரீடத்தைப் போலன்றி, பொம்மை வீடு பெண்களின் உழைப்பைத் தவிர்க்கவே முடியாத ஒரு வடிவம். சமையலறை இல்லாமல் அதைக் கட்ட முடியாது. பஸ்காவுக்கு முந்தைய வாரங்களில் சட்டைப்பைகளையும் கட்டில் இடுக்குகளையும் உதறி, அலமாரிகளைக் கொதிநீர் விட்டுக் கழுவும் அந்த வேலையை நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும். பொம்மை வீட்டில் துடைப்பமும் வாளியும் எங்காவது நின்றாக வேண்டும். அவற்றை மறைத்துவிட்டு மெழுகுவர்த்தியை மட்டும் காட்டும் வீட்டைக் குறை சொல்வதில் நானும் சேர்ந்துகொள்வேன்.

எந்த யூதரின் வீடு என்ற கேள்வியும் உண்டு. கடைகளில் கிடைக்கும் யூதப் பொம்மைப் பொருள்களைப் பார்த்தால் உலகத்து யூதர்கள் எல்லோரும் போலந்திலிருந்து நியூயார்க்குக்குப் போனவர்கள் என்று தோன்றிவிடும். அமெரிக்கன் கேர்ள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த ரெபெக்கா ரூபின் என்ற பொம்மையும் 1914ஆம் ஆண்டு நியூயார்க் சிறுமிதான். ஆனால் இந்த வடிவம் மிக நுட்பமாக முகவரி சொல்லும் திறமை கொண்டது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசிகளின் வீட்டில் மெசூசா சாய்ந்திருக்கும். ஸ்பெயின் வழி வந்த செபார்டி வீட்டில் நேராக நிற்கும். பஸ்கா மேசையருகே ஓர் அரிசி மூட்டை இருந்தால் அது அஷ்கெனாசி வீடு இல்லை, அவர்கள் மரபில் அந்த நாள்களில் அரிசி விலக்கு. கொச்சி மட்டாஞ்சேரி வீடாக இருக்கலாம். அங்கே அரிசி உண்டு. கலப்பு ஏதுமில்லாதபடி மணிமணியாகப் பொறுக்கி எடுத்த அரிசி. பெண்கள் மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்துக் கைமாற்றிவந்த நோட்டுப்புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்கும். கூரையிலிருந்து எண்ணெய் விளக்கு தொங்கும். 1948க்குப் பின் அந்தச் சமூகம் ஏறக்குறைய முழுவதுமாக இஸ்ரேலுக்குப் பெயர்ந்துவிட்டது. அங்குள்ள பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்க வரும் கூட்டம் இன்றும் குறையவில்லை, தெருவிலிருந்த வீடுகள் கடைகளாகிவிட்டன. 1568இல் கட்டிய ஜெப ஆலயம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அதன் பக்கத்து வீட்டுச் சமையலறையை யாராவது பன்னிரண்டில் ஒரு பங்காகவேனும் கட்டிவைக்க வேண்டும்.

இனி என் நிபந்தனைக்கு வருகிறேன். யூதப் பொம்மை வீடு செய்கிறவர்களுக்கு ஓர் ஆசை தவிர்க்க முடியாமல் வருகிறது: ஆண்டு முழுவதையும் ஒரே கூரைக்குள் காட்டிவிடுவது. சாப்பாட்டு அறையில் பஸ்கா மேசை, ஜன்னலில் ஒன்பது சுடர் ஹனுக்கா விளக்கு, முற்றத்தில் கூடாரப் பண்டிகையின் இலைக்கூரைப் பந்தல், சமையலறையில் வெள்ளிக்கிழமை ரொட்டி. கற்பிப்பதற்கு வசதிதான். ஆனால் இப்படி ஒரு வீடு எந்த நாளிலும் இருந்ததில்லை. மோசமானது என்னவென்றால், பஸ்கா மேசையும் புளித்த ரொட்டியும் ஒரே வீட்டில் இருப்பது இந்த மரபின் அடிப்படையையே மீறுவது. அந்த ரொட்டியின் கடைசித் துணுக்கைத் தேடி முந்தின இரவு மெழுகுவர்த்தியும் இறகும் மரக்கரண்டியுமாக வீடு முழுக்க அலைகிறார்கள்! பொருளின் இடம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் நேரம். ஓவியமும் புகைப்படமும் ஒரு கணத்தில் உறைந்துவிடும். பொம்மை வீட்டில் பொருளை எடுக்கலாம், வைக்கலாம். மற்ற எந்தப் பதிவு வடிவத்துக்கும் இல்லாத இந்த வரத்தைப் பசைபோட்டு ஒட்டிக் கெடுத்துக்கொள்கிறோம். வெள்ளி பிற்பகல் மேசை விரிப்பு வரட்டும். சூரியன் மறைவதற்கு வழக்கமான 18 நிமிடத்துக்கு முன் விளக்கு தயாராகட்டும். சனி இரவு அவை போய், பல திரி பின்னிய மெழுகுவர்த்தியும் கோபுர வடிவ வாசனைப் பெட்டியும் வரட்டும். பஸ்காவுக்கு முன் ரொட்டிகள் வெளியேறி, பரணிலிருந்து வேறு தட்டுகள் இறங்கட்டும். இதைக் குழந்தைகள் செய்யட்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று ஏன் என்று சொல்லட்டும்.

பக்தர்களிடமிருந்து ஒரு தயக்கம் வரலாம்: புனிதப் பொருள்களைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கலாமா? இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நான்குக்கு நான்கு முழம், அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர், இல்லாத வீட்டுக்கு மெசூசா கடமையே இல்லை என்கிறது தல்மூத். பொம்மை வீட்டின் நிலையில் ஒட்டும் 8 மில்லிமீட்டர் உறை கட்டளையை நிறைவேற்றுவதற்காக இல்லை, நினைவூட்டுவதற்காக. உள்ளே இறைவனின் பெயரை எழுதினால்தான் சிக்கல். அந்தப் பெயர் ஏறிய தோலைத் தூக்கியெறிய முடியாது, முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும். வெறுமையாக விட்டுவிட்டால் உறை உறைதான்.

அருங்காட்சியகத்தாரின் கவலை இதைவிட நியாயமானது. கைபட்டால் பொருள் தேயும், தொலையும், உடையும். ஓர்ட்மனின் வீட்டைக் குழந்தைகளிடம் கொடுங்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முந்நூறு ஆண்டுப் பழமையை அதன் போக்கில் காக்க வேண்டும். இங்கே பேசுவது இன்றைக்குச் செய்யப்படும் வீடுகளைப் பற்றி. அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் கிண்ணம் உடைந்தால் வேறொன்று செய்யலாம், ரொட்டி தொலைந்தால் இன்னொரு முறை பின்னிச் சுடலாம். வீட்டின் பக்கத்தில் ஒரு பதிவேடு இருந்தால் போதும்: இது எந்த ஊர் வீடு, எந்த ஆண்டு, இன்று எந்த நாளுக்காக அடுக்கியிருக்கிறது, எந்தப் பொருளை யார் எப்போது மாற்றிச் செய்தார்கள் என்று. பால் தட்டு தவறுதலாக இறைச்சி அலமாரிக்குப் போயிருந்தால் அதையும் எழுதட்டும். அடுத்து வரும் பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சரியான அலமாரிக்கு மாற்றும்.